தண்ணி வந்தால் மேட்டூர் வழி

அம்மா பிறந்தது காவிரிக்கு அந்தக் கரையில், கோட்டையூரில். வாழ்க்கைப்பட்டது இந்தக் கரையில், இண்டூரில். நடுவில் மேட்டூர் அணையின் தண்ணீர் அகலமாகத் தேங்கி நிற்கும். ஒட்டனூர் துறையில் படகு ஏறினால் வெற்றிலை போட்டு மென்று துப்புவதற்குள் பிறந்த வீடு. படகு இல்லையென்றால் பெரும்பாலை, மேச்சேரி, மேட்டூர், கொளத்தூர் என்று அணையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அரை நாள் போய்விடும்.

அதனால் அம்மாவிடம் எப்போதும் இரண்டு வழிகள் இருந்தன. படகு இருந்தால் ஒன்று. தண்ணி வந்தால் மேட்டூர் வழி. கல்யாணத்துக்கே அப்படித்தான் ஆனது. மாப்பிள்ளை வீட்டார் பரிசலில் போய்ப் பெண்ணை அழைத்து வருவதாகப் பேச்சு. முந்தின நாள் வெள்ளம் வந்துவிட்டது. பெண் வீட்டார் லாரி பிடித்து மேட்டூரைச் சுற்றி வந்து சேர்ந்தார்கள். அம்மா போட்டிருந்த மாலை வெயிலில் சுருங்கிப்போயிருந்ததாம். "எனக்கு வாடுன மாலையோடத்தான் பொண்ணு கெடச்சிச்சு" என்று அப்பா எப்போதும் சொல்லிக் காட்டுவார். "மாலைய பாத்தா கட்டிக்கிட்டீங்க?" என்று அம்மாவும் கடைசி வரை கேட்டாள்.

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். எங்கள் வேலையில் ஸ்டாண்ட்பை என்று உண்டு. ஒரு பம்ப் நின்றால் அடுத்தது தானாக ஓட வேண்டும். அம்மாவிடம் அது பிறவியிலேயே இருந்தது. தக்காளி விலை விழுந்தால் பறிக்காமல் விட்டு மாட்டை உள்ளே ஓட்டுவாள். பஸ் போய்விட்டால் எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, வழியில் யாரையாவது பார்த்துவிட்டுத் திரும்புவாள். புலம்பி நான் பார்த்ததில்லை.

தீர்த்தம்மாள் என்பது அவள் பெயர். இந்தச் சித்திரையில் இறந்துபோனாள். மாரடைப்பு. தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில். அதற்கு அவளிடம் இரண்டாவது வழி இருக்கவில்லை.

அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. நாங்கள் இருவரும் மாதேஸ்வரன் மலைக்குப் போன பயணத்தை எழுதலாம். மூன்று வருடத்துக்கு முந்தின ஆடி அமாவாசை.

மாடு கன்று விஷயத்தில் அம்மாவுக்கு அந்த மலைச் சாமி மாதேசன்தான் காவல். பசு கன்று போட்டால் அதன் பாலை மாதேசனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வரை சொசைட்டியில் ஊற்றக் கூடாது, வீட்டில் டீக்குக் கூடத் தொடக் கூடாது. கோட்டையூரில் அவள் வீட்டு வழக்கம். சீதனத்தோடு இங்கே வந்தது. அப்பாவுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. பாலக்கோடு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். "மலைமேல ஒக்காந்திருக்கறவருக்கு நம்ம வூட்டு டீ கணக்கு எதுக்கு?" என்பார். ஒரு வருடம் அம்மாவுக்குக் காய்ச்சல். மலைக்குப் போக முடியவில்லை. அப்பா அப்போது கன்று போட்டிருந்த பசு கருப்பியின் பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டார். கருப்பியின் கன்று ஒரு மாதம் கூடத் தாங்கவில்லை. அதனால்தான் என்று அம்மா சொல்லவில்லை. அதனால் இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்த ஆடியில் செவலைப் பசு கன்று போட்டிருந்தது. கிடாரிக் கன்று. எழுந்து நிற்கவே தடுமாறியது. அம்மா இரவில் அதன் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்தாள். கன்று குடித்தது போக மீதிப் பாலைப் பக்கத்து வீட்டு நஞ்சம்மாள் தினமும் சொம்பில் வாங்கிப் போனாள். கட்டுத்தறியில் கறவை மாட்டை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் பாக்கெட் பால் வாங்கி டீ போட்டார்கள்.

"மாதேசனுக்கு ஒண்ணும் அவசரமில்லக்கா. மெதுவா போயிட்டு வாங்க" என்றாள் நஞ்சம்மாள்.

"ஒனக்கு ஏன்டி அவசரம் இருக்கப் போவுது? ஓசிப் பாலுல பாயசம் வெக்கறவ."

அமாவாசையன்று போக வேண்டும். விட்டால் அடுத்த அமாவாசை வரை காத்திருக்க வேண்டும். அதுவரை கன்று இருக்குமா என்பதுதான் அம்மாவின் கவலை. நான் லீவு போட்டு வந்திருந்தேன். அவளுடைய டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போவதாக ஏற்பாடு. ஒட்டனூரில் வண்டியோடு படகில் ஏறி, கோட்டையூரில் இறங்கி, பாலாறு வழியாக மலை. காலையில் கறந்த பால் பாலாகவே மலை ஏறிவிடும். படகுக்காரர் சென்றாயனிடம் முந்தின நாளே போனில் கேட்டு வைத்திருந்தாள்.

விடியும்போது கறந்தாள். அலமாரியின் வலப்பக்கம் இருந்த தூக்குப் பாத்திரத்தை எடுத்து, நுரையோடு ஊற்றி, மூடியை அழுத்தினாள். தூக்கை எக்ஸ்எல்லில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, இரண்டு பக்கமும் பாதத்தால் அணைத்துக்கொண்டாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். என்னை ஓட்ட விட மாட்டாள். "நீ லைசென்ஸ் வெச்சிருக்கற. நான் வண்டி ஓட்டறேன்" என்பாள்.

ஒட்டனூரில் படகுகள் எல்லாம் கரையில் ஏறி நின்றன. தண்ணீர் செம்மண் நிறத்தில், முந்தின வாரம் ஆட்கள் உட்கார்ந்திருந்த பாறைகளை மூடிக்கொண்டு ஓடியது. சென்றாயன் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"என்னா சென்றாயா, காலையில மொத படகு இருக்குதுன்னு நேத்து போன்ல சொன்ன?"

"நேத்து இருந்துச்சுக்கா. ராத்திரி கர்நாடகாவுல தண்ணி தொறந்துட்டாங்களாம். ஆபீசருங்க வந்து நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"மறுபடி எப்ப?"

"மொதல்ல மத்தியானம்னாங்க. அப்புறம் நாளைக்குன்னாங்க. இப்ப ரெண்டு மூணு நாளுங்கறாங்க. நான் என்னா, தண்ணிக்கு மாமனா மச்சானா? கேட்டுச் சொல்ல?"

"மச்சானா இருந்தாலும் நீ எங்க கேப்ப. தூங்கிக்கிட்டிருப்ப."

அம்மா அக்கரையைப் பார்த்தாள். என் மாமா மாதுவுக்குப் போன் போட்டாள். அவர் அங்கே துறையில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, துண்ட ஆட்டறேன். தெரியுதா?"

தூரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி அசைந்தது.

"தெரியுது, தெரியுது. கொக்காட்டம் இருக்கற. நாங்க மேட்டூரு சுத்தி வர்றோம். நீ ரோட்டுக்கு வந்துடு."

அவ்வளவுதான். படகு இல்லையே என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் தூக்கை ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

"அதுக்குள்ள பால் தாங்குமா மணி?"

நான் யோசித்தேன். கறந்த சூடு ஆறாத பால். எக்ஸ்எல்லின் இன்ஜின் சூடு. ஆடி மாதக் காற்று. என் துப்பட்டாவை ஆற்றில் நனைத்து, தூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். ஈரம் காயக் காய உள்ளே குளிரும். காற்று அடிக்கட்டும், வழியில் தண்ணீர் பார்க்கும் இடத்தில் எல்லாம் நனைக்கலாம் என்றேன். அம்மா முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"துப்பட்டாவ காலேஜுக்கு மட்டும் போடறதுன்னு நெனச்சேன்" என்றாள்.

பெரும்பாலை வரை சாலை நன்றாக இருந்தது. அதன் பிறகு குழாய் போடத் தோண்டி, ஜல்லி கொட்டி, மறந்துபோயிருந்தார்கள். எக்ஸ்எல் தவ்வித் தவ்விப் போனது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கில் தளக் என்று ஒரு சத்தம். அம்மா எப்போதும் தூக்கை வாய் வரை நிரப்ப மாட்டாள். மூடியில் பட்டு வழியும் என்பாள். காலியாக இருந்த இடத்தில் பால் மோதிக்கொண்டே வந்தது. மேச்சேரியில் ஒரு அடிகுழாயில் துப்பட்டாவை நனைத்தோம். மேட்டூரில் அணைக்குக் கீழே நனைத்தோம். பதினாறு கண் மதகுகளிலும் தண்ணீர் கொட்டுவதைப் பார்க்க ஜனங்கள் பஸ்ஸை நிறுத்தி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா வண்டியை ஓரம் கட்டினாள்.

"கோவிச்சிக்க முடியுதா பாரு. இவ்ளோ அழகா இருந்தா?" என்றாள். படகை நிறுத்திய தண்ணீரைத்தான் சொன்னாள்.

கோட்டையூருக்குப் பிரியும் முக்கில் ஒரு டீக்கடை. மாமா அங்கே காத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "தெறந்து பாத்தியா?"

அம்மா துப்பட்டாவை அவிழ்த்தாள். மூடியைத் திறந்தாள். பார்த்தாள். விரலால் தொட்டு மோந்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

பால் இல்லை. தயிர். கெட்டுத் திரிந்த பால் அல்ல, உறை ஊற்றி வைத்ததுபோல் நல்ல இளந்தயிர்.

"வெயில்ல இப்படி ஆவாதே" என்றார் மாமா.

அம்மா தூக்கை உயர்த்தி அடியைப் பார்த்தாள். ஒரு நசுங்கல் இருந்தது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இது மோர்த் தூக்குடா" என்றாள்.

வீட்டில் ஒரே மாதிரி இரண்டு தூக்கு. சீதனமாக வந்த ஜோடி. அலமாரியில் வலப்பக்கம் பால் தூக்கு, இடப்பக்கம் மோர்த் தூக்கு. இத்தனை வருடமாக அம்மா பார்த்து எடுத்ததில்லை. கை தானாகப் போகும். முந்தின நாள் அப்பா பாத்திரம் கழுவி அடுக்கியிருந்தார். இடம் மாற்றி வைத்துவிட்டார். அப்பா கழுவினார் என்றால் தண்ணீர் உள்ளே போய் வெளியே வந்தது என்று அர்த்தம். மோர் ஒட்டிக்கொண்டிருந்த பாத்திரத்தில் கறந்த சூட்டோடு பால். இதைவிட நன்றாக உறை ஊற்ற யாராலும் முடியாது. படகு ஓடியிருந்தாலும் பால் பாலாகப் போயிருக்காது.

அம்மா அப்பாவுக்குப் போன் போட்டாள். "ஏங்க, தூக்கு கழுவி வெச்சீங்களே, எதால கழுவுனீங்க?"

"தண்ணியாலதான். ஏன்?"

"ஒண்ணுமில்ல. கன்னு என்ன பண்ணுது?"

"படுத்திருக்குது. எந்திரிக்க மாட்டேங்குது."

அம்மா போனை வைத்தாள். டீ ஆறியது. நான் பக்கத்துக் கடையைக் காட்டி, ஒரு பாக்கெட் பால் வாங்கிக்கொண்டு போகலாம் என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "மாதேசன் என்னா டீக்கடையா வெச்சிருக்காரு?"

"எங்க வூட்டு எருமப் பால் இருக்குதுக்கா. கொண்டாரட்டா?" என்றார் மாமா. "அவருக்கு என்னா தெரியப் போவுது?"

"அவருக்குத் தெரியாதுன்னா நான் ஏன்டா போறேன்?"

திரும்பிப் போய்விடலாம் என்று சொல்வாள் என நினைத்தேன். அவள் தயிரை இன்னொரு முறை பார்த்தாள். மூடியை அழுத்தி மூடினாள். என் துப்பட்டாவை எடுத்து மாமாவிடம் நீட்டினாள்.

"நனைச்சிக்கிட்டு வா. பாலுன்னு நான் வாயத் தெறந்து சொல்லல. செவலையோட மொதலு ஒனக்குன்னுதான் வேண்டுனேன். எதுவா இருந்தாலும் இது செவலையோடதுதான். போயி அவருகிட்டயே காட்டறேன். ஏத்துக்கறதும் வுடறதும் அவரு பாடு."

இவ்வளவு தூரம் ஓட்டிய பிறகு மலை ஏறவும் எக்ஸ்எல் வேண்டாம் என்று நான் சொன்னேன். இரண்டு பேர், அத்தனை கொண்டை ஊசி வளைவு, இறங்கும்போது பிரேக் சூடாகிவிடும். அம்மா வாதாடினாள். மாமா சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பஸ் வந்தது. நாங்கள் இருவர் மட்டும் ஏறினோம்.

அமாவாசைக் கூட்டம். அம்மாவுக்கு மட்டும் இடம் கிடைத்தது, அதுவும் கடைசி சீட்டில். தூக்கை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள். பாலாற்றுப் பாலம் தாண்டி பஸ் காட்டுக்குள் ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் கடைசி சீட்டு ஆட்களைத் தூக்கிப் போட்டது. தூக்கு தளக் தளக் என்றது. பக்கத்தில் ஒரு கன்னடக்கார அம்மா, தூக்கைக் காட்டி, "ஹாலா?" என்று கேட்டார்.

அம்மாவுக்குக் கன்னடம் கொஞ்சம் வரும். "மொதலு ஹாலு. ஆமேலே மொசரு. ஈக ஏனோ கொத்தில்லா" என்றாள். முதலில் பால், அப்புறம் தயிர், இப்போது என்னவோ தெரியாது.

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விஷயம் பஸ் முழுக்கப் பரவியது. கண்டக்டர் டிக்கெட் கேட்டு வரும்போதெல்லாம், "இப்ப என்னாங்கம்மா ஆச்சு?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது அம்மா தூக்கில் காதை வைத்தாள். "மணி, சத்தம் மாறிடிச்சு" என்றாள்.

கோயில் வாசலுக்கு முன்னால் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து திறந்தோம். மேலே வெண்ணெய் திரண்டு மிதந்தது. கீழே மோர். தயிர் கடையும்போது குளிர்ச்சி வேண்டும். இல்லையென்றால் வெண்ணெய் இளகிவிடும், திரளாது. பாலைக் காப்பாற்றக் கட்டிய ஈரத் துணி வெண்ணெய்க்கு உதவியிருந்தது. இதை நான் விளக்கத் தொடங்கினேன். அம்மா கேட்கவில்லை. சின்னப் பெண்போல் வெண்ணெயை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்து இல்ல, கயிறு இல்ல. பஸ்ஸே கடைஞ்சிருக்குது பாரு!"

டீக்கடைக்கார அம்மாவிடம் கேட்டு, அடுப்பில் ஒரு கரண்டியில் வெண்ணெயை உருக்கினாள். மண் விளக்கு வாங்கினாள். விளக்கு வைக்கும் இடத்தில் நூற்றுக்கணக்கில் எரிந்துகொண்டிருந்தன. நெய்யை ஊற்றினாள். திரியைப் பற்ற வைத்தாள். சடசடவென்று பொரிந்தது. அணைந்தது.

மறுபடி பற்ற வைத்தாள். பொரிந்து அணைந்தது.

அம்மா தீப்பெட்டியைக் கீழே வைத்தாள். "வேண்டாங்கறாரு" என்றாள், மிக மெதுவாக.

"வேண்டாங்கல. தண்ணி இருக்கு" என்றேன். "அவசரத்துல எறக்கிட்ட. மோரு போவல. சடசடங்கறது அதுதான். இன்னும் கொஞ்சம் காய்ச்சணும்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் ஆறுதல் சொல்கிறேனா, உண்மை சொல்கிறேனா என்று பார்த்தாள்.

"வூட்டுல சத்தம் அடங்குற வரைக்கும் வெப்ப இல்ல? முருங்கை இலை போடுவ இல்ல?"

"ஆமால்ல!" என்றாள். நெய் காய்ச்சியே கை காய்த்தவள். பதற்றத்தில் மறந்திருக்கிறாள். விளக்கைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கு ஓடினாள். இந்த முறை கரண்டியின் பக்கத்தில் நின்று, சத்தம் அடங்கும் வரை காத்தாள். வாசனை வந்தது. புதுத் திரி போட்டோம். விளக்கு பிடித்துக்கொண்டது. சுடர் ஒரு முறை ஆடி, நிமிர்ந்து நின்றது. அம்மா கும்பிடவில்லை. இரண்டு கையையும் சுடருக்குச் சுவர் போலப் பிடித்துக்கொண்டு நின்றாள், பின்னால் ஆட்கள் திட்டும் வரை.

மோர் மிச்சம். உப்பு வாங்கிக் கலக்கி, தரிசன வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்தாள். பஸ்ஸில் வந்த கன்னடக்கார அம்மா இரண்டு முறை வாங்கிக் குடித்தார்.

அன்று மாமா வீட்டில் தங்கினோம். மறுநாள் அப்பா போன் செய்தார்.

"வெளக்கு எரிஞ்சிச்சா?"

"நல்லா எரிஞ்சிச்சு. கன்னு?"

"அது நேத்து சாயந்தரமே எந்திரிச்சு என் வேட்டிய மெல்லுது. ஏன் தீர்த்தம்மா, இப்ப செவலை பால்ல டீ போட்டுக்கலாமா?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போட்டுக்கங்க" என்றாள். "தூக்க மட்டும் நீங்க கழுவாதீங்க."

"எப்ப வர்றீங்க?"

"படகு வுடலையேங்க."

"மேட்டூரு வழியா வாங்களேன்."

"அய்யோ, அந்த ரோட்டுலயா? இடுப்பு கழண்டுடும். தண்ணி வத்தட்டும், வர்றோம்."

வாசலில் பெட்ரோல் நிரப்பிய எக்ஸ்எல் நின்றது. மாமா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். படகு மறுபடி ஓடும் வரை அம்மா பிறந்த வீட்டில் இருந்தாள். தினமும் காலையில் துறைக்குப் போய்ப் படகு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சந்தோஷமாகத் திரும்பி வந்தாள்.

அந்தக் கன்று பிழைத்தது. வளர்ந்தது. இந்த ஆனியில் அதுவும் ஒரு கன்று போட்டது. அம்மா பார்க்கவில்லை.

போன வாரம் இண்டூர் போனேன். கட்டுத்தறியில் கறவை மாடு நின்றது. அப்பா அடுப்படியில் பாக்கெட் பாலைக் கத்தரித்து ஊற்றிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்தார்.

"நஞ்சம்மாதான் தெனமும் வாங்கிட்டுப் போவுது" என்றார்.

நான் சென்றாயனுக்குப் போன் போட்டேன். அமாவாசைக்குப் படகு இருக்குமா என்று கேட்டேன்.

"தண்ணி ஏறிக்கிட்டிருக்குது பாப்பா. சொல்ல முடியாது" என்றார். பிறகு, "அக்காவா இருந்தா இந்நேரம் திட்டியிருக்கும்" என்றார்.

போனை வைத்துவிட்டு அப்பாவிடம், மலைக்கு மேட்டூர் வழி என்றேன். அவரும் வருவதாகச் சொன்னார். இதுவரை மலைக்கு வந்ததே இல்லை. எழுந்து அலமாரிக்குப் போனார். இரண்டு தூக்கையும் இறக்கி, அடியைத் திருப்பிப் பார்த்து, நசுங்கல் இருந்த மோர்த் தூக்கை எடுத்துக்கொண்டார். உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டார். ஒரு சுற்றுச் சுற்றினார். கொட்டினார்.

"போதுமில்ல?" என்றார்.

"போதும்பா" என்றேன்.